மந்திரத்தை எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும்?

மார்ச் 4

பட்டதாரிக்கு,

அத்தை எழுதறது. நான் நல்லா இருக்கேன், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கு. நீ வேளைக்குச் சாப்பிடறியா? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. பக்கத்து மேசைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தையாவது பேசினியா, இல்ல இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கியா?

போன் பண்ணலையேன்னு கோவிச்சுக்காதே. மலையைக் குடைஞ்சு சுரங்கப்பாதை போடற இடம் இது. வெடி வைக்கிறதால கைபேசி கூடாதுன்னு அடிவாரத்துலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. மளிகை லாரி வரும்போதுதான் தபாலும் ஏறும், இறங்கும். முகாம்ல இருக்கிற அத்தனை பேருக்கும் நான்தான் சமைக்கிறேன்.

விஷயத்துக்கு வர்றேன். சாப்பாட்டு ஹால் அலமாரியில ஒரு விளையாட்டுப் பெட்டி கிடந்தது. மேல மந்திரவாதி, கோடாலி, பகடைன்னு படம். ஓரத்துல பார்த்தா உன் கம்பெனி பேரு! விட்டுடுவேனா? ஓய்வு நாள் மதியம் கழுவித் துடைச்சதும் உட்கார்ந்துடறோம். சர்வே பொண்ணு கதையை நடத்தறா. 'குகைக்குள்ள வந்துட்டீங்க, இருட்டா இருக்கு, என்ன செய்யறீங்க?'ன்னு கேட்பா, நாங்க சொல்லணும். நான் கோடாலிக்காரி. கிரேன் ஓட்டறவனுக்குத் திருடன் வேஷம். அவனை எல்லாரும் கொக்குன்னுதான் கூப்பிடறோம், கழுத்து அப்படி. நாலாவதா ஒருத்தர், மந்திரவாதி.

இப்ப சந்தேகம். ஒரு முறைக்கு ஒரு செயல்தான்னு போட்டிருக்கு. காயம்பட்டவன் வாயில மருந்தை ஊத்தறது ஒரு செயல், சரி. ஆனா குடுவை மூடியைத் திறக்கிறது தனிச் செயல்ங்கறான் கொக்கு. திறக்காம எப்படிடா ஊத்துவே? அப்புறம், மந்திரவாதி ஒரு நேரத்துல ஒரு மந்திரத்தைத்தான் தாங்கிப் பிடிக்க முடியுமாமே? நான் தினம் நாலு அடுப்பைத் தாங்கிப் பிடிக்கிறேன், எவனும் எனக்கு அங்கி மாட்டிவிடல.

பதில் போடு. முத்திரை கித்திரை இருந்தா குத்தி அனுப்பு. கொக்கு வாயை அடைக்கணும்.

உன் அத்தை

*

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். அப்பாவுக்குச் சளி பிடித்துக் குணமாகிவிட்டதாம், அம்மா எழுதியிருந்தாள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது திட்டிக்கொண்டே நிற்கிறீர்களா?

முத்திரை இருக்கிறது அத்தை. என் மேசைக்குப் பெயரே விதி மேசைதான். ஆட்டக்காரர்கள் எங்கெங்கிருந்தோ கேள்வி அனுப்புவார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதி, எடிட்டரம்மாவிடம் காட்டிவிட்டு முத்திரை வைக்க வேண்டும். இங்கே இருப்பவர்கள் சின்ன வயதிலேயே வீட்டில் இந்த ஆட்டங்களை ஆடி வளர்ந்தவர்கள். நான் பட்டம் வாங்கிய பிறகுதான் பத்து முகப் பகடையை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அதனால் விதிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பேச்சு விஷயம் கேட்டீர்கள். பக்கத்து மேசைக்காரர் போன வாரம் 'ஸ்டேப்ளர் இருக்கா?' என்றார். 'இருக்கு' என்றேன். ஒரு வார்த்தை ஆயிற்று.

இனி விடைகள். குடுவை கையில் இருந்தால் மூடியைத் திறப்பதும் ஊற்றுவதும் சேர்ந்து ஒரே செயல். மூட்டைக்குள் கையை விட்டுத் தேடினால் அது தனி. தாங்கு மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடி விழுந்தால் அந்த ஒன்றும் கலைந்துபோகும். நான்கு அடுப்புக்குப் புத்தகத்தில் விதி இல்லை, எழுத யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

அத்தை, இரண்டு பேரைப் பற்றி எழுதிவிட்டு நான்காமவரை மட்டும் 'ஒருத்தர்' என்று விட்டுவிட்டீர்கள். பட்டப்பெயர் வைக்காமல் நீங்கள் யாரையும் விட்டதில்லையே?

அன்புடன்,
உங்கள் பட்டதாரி

*

ஏப்ரல் 7

அடியே பட்டதாரி,

நலம்டி. முழங்காலும் இருக்கு. நீ கண்ணு எரிய எரியப் படிக்காதே.

மூடி விஷயத்துல கொக்கு வாயை அடைச்சாச்சு. முத்திரையைப் பார்த்ததும் ஆளு கப்சிப்.

அந்த நாலாவது ஆளுக்குப் பட்டப்பெயர் வைக்க ஒண்ணும் கிடைக்கல, அவ்வளவுதான். வெடிக்காரர்ன்னு சொல்வோம். பாறையில துளை போட்டு மருந்து வச்சு வெடிக்கிற வேலை. வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துலயே இருந்து இடது காது போயிடுச்சு, வலதுல கொஞ்சம் மிச்சம். தன் குரல் எவ்வளவு சத்தமா வருதுன்னு அவருக்கே தெரியாது. எங்கேயோ யாரோ சிரிச்சிருக்காங்க. அதுலேர்ந்து வாயைத் திறக்கிறதையே விட்டுட்டார். இத்தனை நாள் என் கையால சாப்பிட்டிருக்கார், 'உப்பு'ன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல.

புத்தகத்துல 'மந்திரச் சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும்'னு ஒரு வரி வருதா? சர்வே பொண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டா. 'சொன்னாத்தான் மந்திரம் பலிக்கும்'னுட்டா. முதல்ல அவர் பகடையை மட்டும் உருட்டிட்டுச் சும்மா இருந்தார். ஒண்ணும் பலிக்கல. அப்புறம் ஒரு நாள் கொக்கு பள்ளத்துல விழுந்து, மேல பாறை சரிஞ்சு, சாகக் கிடந்தான். மனுஷன் எழுந்து நின்னார். 'பாறையே, கொஞ்சம் பொறுத்துக்கோ, ஒரே ஒரு ஆளு உள்ளே இருக்கான், வெளியே விட்டுடு'ன்னார். ஹாலே அதிர்ந்தது! தட்டு கழுவிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பொய் சொல்லல, எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

அன்னையிலேர்ந்து ஒவ்வொரு மந்திரத்துக்கும் சொந்தமா வார்த்தை கட்டறார். பூட்டுன கதவைத் திறக்கிற மந்திரத்துக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'யாரு உள்ளே? நான்தான், திற.' நாங்க சிரிச்ச சிரிப்புல அவரும் சிரிச்சுட்டார். இப்ப சாப்பாட்டு வரிசையிலயும் பேச்சு வருது. நேத்து 'காரம் சரியா இருக்கு'ன்னு என்கிட்டத்தான் சொன்னார், நாலு மேசை தள்ளி ஒருத்தன் 'ஆமாங்க'ன்னான்.

இப்ப சண்டை என்னன்னா, கொக்கு சொல்றான், 'இவர் போடற சத்தத்துல தூங்கற டிராகன் எழுந்துடும், நாம எல்லாரும் செத்தோம்'னு. அது எப்படி? மந்திரத்தை எவ்வளவு சத்தமாச் சொல்லணும்னு கணக்கு இருக்கா என்ன? டிராகன் எழாதுன்னு பதில் வரணும். சீக்கிரம் போடு.

உங்கப்பாகிட்ட இதையெல்லாம் எழுதிட்டு இருக்காதே.

உன் அத்தை

*

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். புது அறைக்கு மாறிவிட்டேன், ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிலையம். சத்தம்தான், ஆனால் காற்று வருகிறது.

உங்கள் கேள்வியை எடிட்டரம்மாவிடம் காட்டினேன். விதி மேசையின் பதில் இது: 'மந்திரச் சொற்களை உரக்கச் சொல்வது கதைக்குள் இருக்கும் பாத்திரம், ஆட்டக்காரர் அல்ல. ஆட்டக்காரரின் குரலால் டிராகன் விழிக்காது. ஆட்டக்காரர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வேண்டிய மந்திரத்தை விரலால் சுட்டிக் காட்டினால் போதும்.' எல்லோருக்கும் படித்துக் காட்ட வசதியாகத் தனித்தாளில் முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது. வெள்ளிக்கிழமைகளில் புது ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்க எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவோம். நான் விரலால்தான் காட்டுவேன். யாரும் குறை சொல்ல முடியாது, புத்தகத்திலேயே இருக்கிறதே. உங்கள் வெடிக்காரருக்கும் இனி நிம்மதியாக இருக்கும்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. உங்கள் கடிதத்தில் முழங்காலுக்கு அரை வரி, அவருக்கு ஒன்றரைப் பக்கம். அப்பாவிடம் எதை எழுதக்கூடாது, டிராகனையா?

அன்புடன்,
உங்கள் பட்டதாரி

*

மே 9

பட்டதாரிக்கு,

நலம். நீயும் அப்படியேன்னு நம்பறேன்.

பதில் வந்தது. படிச்சுக் காட்டினாங்க. முத்திரை தெளிவா விழுந்திருந்தது.

இங்கே மழை. லாரி தாமதமா வருது, காய்கறி வாடிப்போய் இறங்குது. இப்போதைக்குச் சந்தேகம் எதுவும் இல்ல.

அத்தை

*

மே 18

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். உடம்புக்கு ஏதாவதா?

ஒரு திட்டு இல்லை, ஒரு கிண்டல் இல்லை. எப்போதும் 'உன் அத்தை' என்று முடிப்பீர்கள், இந்த முறை வெறும் அத்தை. டிராகன் என்ன ஆயிற்று? கொக்கு ஒப்புக்கொண்டாரா? மந்திரவாதி சௌக்கியமா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டதாரி

*

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

நலம். முன்பு எழுதியதற்குப் பதில் இல்லை. மழையில் லாரி நின்றிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு உங்கள் கடிதம் போன வாரம் வந்திருக்கிறது.

நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? அப்பாவைப் பற்றிக் கேலி செய்தது பிடிக்கவில்லை என்றால் மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பட்டதாரி

*

ஜூன் 24

ஏண்டி,

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உடம்புக்கு ஒண்ணும் வரல. நீ எதுக்கு மன்னிப்பு கேட்கறே? நீ கேட்டதுக்குப் பதில் எழுதினே. கேட்டவ நான்தானே.

நடந்தது இதுதான். சர்வே பொண்ணு உன் தாளை எல்லாருக்கும் நடுவுல படிச்சா. 'ஆட்டக்காரர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை'ன்னு வந்ததும் கொக்கு கையைத் தட்டி, 'அப்பாடா, நம்ம காது தப்பிச்சுது!'ன்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், அவன் கெட்டவன் இல்ல. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். 'இதையும் கம்பெனிக்கே எழுதிக் கேட்டீங்களா?'ன்னு சர்வே பொண்ணைக் கேட்டார். அவ என்னைக் காட்டினா. மனுஷன் எழுந்து போயிட்டார்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வந்தார். விரலாலதான் காட்டினார். பிறகு அதுவும் இல்ல. கேரியர்ல சாப்பாட்டை வாங்கிட்டு ரூமுக்குப் போயிடறார். என்கிட்ட வரும்போது கேரியரைப் பார்த்துக்கிட்டே நிற்கிறார். இவர் வாயை மூடணும்னுதான் நான் கம்பெனி வரைக்கும் எழுதினேன்னு நினைச்சுட்டார், புரியுதா?

ஒரு ஆள் இல்லாம ஆட்டம் சப்புனு இருக்கு. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. சுரங்கம் ரெண்டு பக்கமும் சேரப்போகுது. செப்டம்பர்ல முகாமைக் கலைச்சுடுவாங்க, அவங்கவங்க அவங்கவங்க வழி.

நீ ஒண்ணு பண்ணு. 'முன்னே எழுதினது தப்பு, ஆட்டக்காரர் வாயாலதான் மந்திரம் சொல்லணும்'னு ஒரு தாள்ல எழுதி முத்திரை குத்தி அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போகுது? அத்தைக்காக.

உன் அத்தை

*

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மதியம் சாப்பிடவில்லை. மற்றபடி நலம்.

தாளை எடுத்து வைத்து எழுதியும் விட்டேன். முத்திரையை மையில் ஒற்றினேன். பிறகு வைக்க முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை அத்தை. அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் பேசினால், விதிக்குப் பயந்து பேசுகிறார் என்று ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது அதுவா?

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அதில் இப்படி இருக்கிறது: 'மேசையில் உள்ள அனைவரும் சம்மதித்தால் எந்த விதியையும் தங்களுக்கென மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மறுத்தாலும் புத்தகத்தில் உள்ளதே செல்லும்.' இதற்கு முத்திரை வைத்திருக்கிறேன். ஆனால் அனைவரும் என்றால் அவரும்தான். அவரைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது சர்வே பொண்ணு இல்லை, கொக்கு இல்லை, நீங்கள்.

பேருந்தில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வருகிறவள் நான். நான் உங்களுக்குச் சொல்கிறேன். போய்க் கேளுங்கள். வலது காதுப் பக்கமாக நின்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டதாரி

*

ஜூலை 28

அடியே,

நலம், நலம், நலம். நீ முதல்ல மதியம் ஒழுங்காச் சாப்பிடு.

உன் தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு ஒரு வாரம் சுத்தினேன். உருளைக்கிழங்கு உரிக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள ஒத்திகை. கடைசியில வெடிமருந்துக் கிடங்குக்கு வெளியே அவர் கம்பியைச் சுருட்டிட்டு இருந்தப்ப போய் நின்னேன். வலது பக்கமாத்தான். 'நான் உங்க வாயை மூடறதுக்கு எழுதல'ன்னேன். எனக்கே கேட்கலடி! நாப்பத்தாறு வயசுல, ஊரையே அதட்டற எனக்குக் குரல் வரல.

'என்ன?'ன்னார்.

மறுபடி சொன்னேன். 'என்ன? அரிசி வரலையா?'ன்னார்.

எனக்கு வந்ததே கோபம். 'நீங்க பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு! நீங்க பேசணும்னுதான் எழுதினேன்! டிராகன் எழாதுன்னு பதில் வரணும்னு எழுதினேன்!'னு கத்திட்டேன். மேல கிரேன் நின்னுடுச்சு. பாறை அள்ளிட்டிருந்தவங்க, லாரிக்காரர், இன்ஜினியர் எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. முகாமுக்கே கேட்டுடுச்சு.

அவர் மெதுவா கம்பியைக் கீழே வச்சார். 'எதுக்கு இப்படிக் கத்தறீங்க? எனக்குக் கேட்குது'ன்னார்.

அன்னிக்கு அவ்வளவுதான். நான் ஓடி வந்துட்டேன், முழங்கால் இருக்கிறதே மறந்துபோச்சு. ஓய்வு நாளன்னிக்கு ஹாலுக்கு வந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்வே பொண்ணு உன் தாளைப் படிச்சு, 'மந்திரத்தை வாயாலதான் சொல்லணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க'ன்னா. முதல் கை அவரோடது. கொக்கு ரெண்டு கையையும் தூக்கினான். அப்புறம் ஆட்டம். டிராகனைத் தூங்க வைக்கிற மந்திரம் சொன்னார், பாரு, அந்தச் சத்தத்துல சமையல்கட்டுல டம்ளர் உருண்டுச்சு. டிராகன் தூங்கிடுச்சு. விதின்னா விதி.

உங்கப்பாவுக்கு நானே எழுதிக்கறேன். நீ குறுக்கே வராதே.

உன் அத்தை

*

ஆகஸ்ட் 20

விதி மேசை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நாங்கள் நலம். சுரங்கம் சென்ற வாரம் இரு பக்கமும் சேர்ந்தது. கடைசி வெடியை நான் வைத்தேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் குறைவு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு விதிச் சந்தேகம். பெட்டியின் மேல் 'மூன்று முதல் ஆறு பேர் வரை' என்று அச்சிட்டிருக்கிறது. அடுத்த மாதம் இந்த முகாம் கலைகிறது. கதை நடத்துகிற பெண்ணும் திருடன் வேஷக்காரரும் வேறு வேறு ஊர்களுக்குப் போகிறார்கள். மந்திரவாதியும் கோடாலிக்காரியும் மட்டும் ஒரே ஊரில் இருக்கப்போகிறோம். பெட்டியை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு பேர் மட்டும் ஆட விதி உண்டா? இருந்தால் தெரிவிக்கவும். கோடாலிக்காரி அவர்களிடம் கேட்டேன். 'எனக்கென்ன தெரியும், முத்திரையோடு வரட்டும், பார்க்கலாம்' என்கிறார்கள்.

இப்படிக்கு,
மந்திரவாதி ஆட்டக்காரர்

*

செப்டம்பர் 2

ஐயா,

வணக்கம். நாங்கள் நலம். சுரங்கம் சேர்ந்த செய்தி படித்து விதி மேசை மகிழ்ந்தது. உங்கள் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை.

உங்கள் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. இரண்டு பேருக்கு விதி எழுதப்படவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை எல்லோரும் மேசையில் கூடியபோது நான் எழுந்து, இரண்டு பேர் ஆடும் விதி கட்டாயம் வேண்டும் என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அச்சுப் பகுதியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'உனக்குக் குரல் இருக்கிறதா? சரி, நீயே எழுது' என்றார். எழுதினேன். அடுத்த அச்சில் சேர்க்கிறார்கள். உங்களுக்கு முன்கூட்டியே:

'இருவர் ஆட்டத்தில் கதை நடத்தத் தனி ஆள் வேண்டாம். ஒருவர் செயல்படும்போது மற்றவர் கதையை நடத்துவார், பிறகு மாற்றிக்கொள்வர். ஒருவர் விழுந்தால் மற்றவர் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் தாங்கிப் பிடிக்கும் மந்திரத்தை மற்றவரும் கைகொடுத்துத் தாங்கலாம். இருவரும் சோர்ந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம்.'

சத்தம் எவ்வளவு என்பதை உங்கள் மேசையே முடிவு செய்யட்டும். முத்திரை கீழே உள்ளது. இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், கோடாலிக்காரி ஒன்றை நம்பமாட்டார்.

இப்படிக்கு,
விதி மேசை

பின்குறிப்பு: இந்த முகவரிக்கு எழுதுகிறவர்களை நான் 'ஐயா' என்றுதான் அழைக்க வேண்டும், அலுவலக வழக்கம் அப்படி. பின்பக்கம் என் அறை முகவரி இருக்கிறது. அடுத்த கடிதத்தை அங்கே போடுங்கள், மாமா.